பச்சை பெல்ட்டும் மஞ்சள் துப்பாக்கியும்

1

நான் திண்டுக்கல்லை விட்டு இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் நிறைந்த நாளில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வருடா வருடம் அந்த நாளில் சேமியா பாயசம் வைப்பேன். அது கொண்டாட்டமா துக்கமா என்று எனக்கே தெளிவில்லாததால் யாரிடமும் காரணம் சொல்வதில்லை. இந்த முறை அப்பா இங்கே இருந்தார். ஒரு தம்ளர் குடித்துவிட்டு, "இன்னைக்கு என்னா விசேசம்?" என்று கேட்டார். "சும்மாதான்ப்பா" என்றேன். ஒரு கையில் கரண்டியோடுதான் அந்தக் கடிதத்தைப் பிரித்தேன்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் நடுத்தர நகரம் இது. பெயரைச் சொன்னாலும் ஊரில் யாருக்கும் தெரியாது. இங்கே இதுவரை சில போலீஸ்காரர்களிடம் மட்டும் இருந்த மின் அதிர்ச்சித் துப்பாக்கியை இனி எல்லாருக்கும் வாங்கித் தரப்போவதாகவும், நகர மன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டதாகவும் கடிதம் சொன்னது. கூடவே படம். பளிச்சென்ற மஞ்சள் நிறம். என் கணவர் சரவணன் சுவரில் துளை போட வைத்திருக்கும் டிரில்லைப் போல இருந்தது. அதன் வாயிலிருந்து மெல்லிய கம்பியோடு இரண்டு ஊசிகள் பாய்ந்து உடம்பில் குத்தும். மின்சாரம் ஓடும். ஐந்து நொடி ஆள் மரக்கட்டை போல விறைத்து விழுவார். பிறகு எழுந்துவிடுவார். உயிருக்கு ஆபத்து குறைவான ஆயுதம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எதை விடக் குறைவு என்று போடவில்லை.

எனக்கு இது புதிய செய்தி இல்லை. சில மாதங்களுக்கு முன் இணையத்தில் மக்களின் கருத்தைக் கேட்டார்கள். நான் இப்படிப்பட்ட படிவம் எதையும் விடுவதில்லை. கடமை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது இன்னும் போகவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி, "ஆதரிக்கிறேன்" என்ற கட்டத்தில் டிக் செய்தேன். கருத்துப் பெட்டியில் "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆங்கிலத்தில் தொடங்கி ஒரு பத்தி வேறு எழுதினேன். குண்டுக்குப் பதில் இது என்றால் நல்லதுதானே என்று நினைத்தேன். அப்பா வருவது அப்போது முடிவாகவில்லை.

இல்லை, அப்போதே டிக்கெட் போட்டாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் இப்படி மாற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

2

ஏழாவது படிக்கும்போது அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து சின்னாளப்பட்டியிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். அத்தை மகள் கல்யாணத்துக்குச் சுங்குடிச் சேலை எடுத்துவிட்டுத் திரும்பினோம். மதுரை ரோட்டில் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பைக். அதில் இருந்தவர் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே என்ன சார் என்று கேட்டார். போலீஸ்காரர் லத்தியால் பெட்ரோல் டேங்கில் ஒரு தட்டு தட்டினார். அந்தச் சத்தத்தில் என் கையிலிருந்த சேலைப் பை கீழே விழுந்தது. சாவியை உருவிக்கொண்டு, "மொதல்ல எறங்குடா" என்றார்.

அப்பா தூரத்திலேயே மொபெட்டை நிறுத்திவிட்டார். ஸ்டாண்டு போட்டார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கி விட்டார். சட்டையைத் தூக்கி, இடுப்பில் இருந்த பச்சை பெல்ட்டின் பையைத் திறந்தபடியே போலீஸ் ஜீப்பை நோக்கி நடந்தார். அவர்கள் கேட்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகமும் லைசென்சும் அவர் கையில் நீண்டிருந்தன. அதிகாரி வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "போங்க பெரியவரே" என்றார். அப்பாவுக்கு அப்போது நாற்பதுதான் இருக்கும்.

மறுபடி வண்டியில் ஏறியதும் சொன்னார்: "வண்டில உக்காந்துக்கிட்டே பேசுனா திமிருன்னு நெனப்பாங்க. எறங்கி, கிட்டப் போயி, பேப்பர நாமளே எடுத்து நீட்டிரணும். அம்புட்டுத்தான். நம்ம மேல தப்பு இல்லைன்னு அதுலயே தெரிஞ்சு போகும்."

நான் அதை நம்பினேன். இங்கே வந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது பயிற்சியாளர் முதல் நாளே எதிர்மாறாகச் சொன்னார். போலீஸ் நிறுத்தினால் இறங்காதே, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும், கேட்காமல் எதையும் எடுக்காதே. தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அன்று அப்பாவின் ஞாபகம் வரவில்லை.

3

அந்தப் பச்சை பெல்ட் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். நான்கு விரல் அகலம், பட்டன் வைத்த பைகள். அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் வெங்காய மண்டி. மண்டிக்காரர்கள் யாரும் அது இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. சாவி, மாத்திரை, சீட்டு எல்லாம் அதற்குள். விமான நிலையத்தில் கழற்றச் சொன்னபோது வேட்டியையே கழற்றச் சொன்னதுபோல் நின்றாராம்.

அம்மா வரவில்லை. தம்பி மனைவிக்குப் பிரசவ நேரம். நாகல் நகர் வீட்டிலிருந்து தினமும் போனில் கேட்பாள்.

"ஒங்கப்பா பெல்ட்டக் கட்டியிருக்காரா?"

"தூங்கும்போதும் கட்டியிருக்காரும்மா."

"கல்யாணத்தன்னைக்கே பட்டு வேட்டிக்கு மேல அதத்தான கட்டியிருந்தாரு. எங்கப்பா, 'மாப்பிள்ளை மேடையில வெங்காயம் விக்கப் போறாரா'ன்னு கேட்டுச்சு. நீ ஏன்டி கவலப்படுற? அது இருந்தா மனுசன் தொலைஞ்சு போக மாட்டாரு."

தொலைந்து போவதுதான் என் பயமாக இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு வருடம் முன்பு மதுரையில் இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவு மேடு தெரியும். தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கூடப் போக முடியாது. மகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், பிறகு எனக்கு வேலை.

எனவே ஆங்கிலத்தில் ஒரு அட்டை தயாரித்தேன். பெயர், எங்கள் முகவரி, என் எண். கீழே பெரிய எழுத்தில்: எனக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறது. லேமினேட் செய்து பெல்ட்டின் முன் பையில் நானே வைத்தேன்.

"யாராவது கேட்டா, முக்கியமா போலீஸ் கேட்டா, ஒடனே இத எடுத்துக் காட்டிருங்கப்பா. பேசவே வேணாம்."

"நான் எதுக்குப் பேசப் போறேன்?" என்று பட்டனை அழுத்தினார். டக் என்று சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இவ்வளவு கவனமாக ஒரு தப்பை நான் இதற்கு முன் செய்ததில்லை.

4

மகள் நிலாவுக்கு ஆறு வயது. தமிழ் புரியும், பேச மாட்டாள். தாத்தா தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரிவதில்லை.

கடிதம் வந்த அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். பிள்ளைகள் பயப்படக்கூடாது என்று இடுப்பில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினாராம். நிலா ஒரு ஸ்டிக்கர் பேட்ஜோடு வந்து சோபாவில் ஏறி நின்று, "தாத்தா, ஃப்ரீஸ்!" என்று விரலை நீட்டினாள்.

"என்னாடா அப்பு, ஐஸ் பெட்டியா?" என்றார் அப்பா.

அவள் என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினாள். கறுப்பாக இருந்தால் நிஜத் துப்பாக்கி. மஞ்சளாக இருந்தால் ஷாக் துப்பாக்கி. முதலில் சிவப்பு வெளிச்சம் விழும். அது உன் மேல் விழுந்தால் அசையவே கூடாது. அசையாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னாள். குரலில் துளி பயம் இல்லை. அது நல்லதா என்று யோசித்துக்கொண்டே அவள் பேட்ஜை டிரஸ்ஸிலிருந்து உரித்தேன், பசை துணியில் ஒட்டிக்கொண்டது.

5

இரண்டு வாரம் கழித்து, குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை. அப்பா நடந்துவிட்டு வழக்கத்தை விடத் தாமதமாக வந்தார். வேட்டி, மேலே நான் வாங்கிக் கொடுத்த சாம்பல் நிற ஸ்வெட்டர். கையில் இரண்டு பெரிய வெங்காயம். சமையல் மேடையில் வைத்தார்.

"எப்புடி இருக்கு பாரு. நம்மூரு பெல்லாரி தோத்துப் போகும்."

"ஏதுப்பா?"

தோசைக்கு உட்கார்ந்துகொண்டே சொன்னார். நாலு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் மரப்பலகை மேல் வெங்காயத்தைக் காயப் போட்டிருக்கிறார்கள். இத்தனை நாளில் இந்த ஊரில் முதல் முறையாக அவருக்குத் தெரிந்த ஒன்று. படியேறிப் போய், மண்டியில் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பதுபோல் ஒன்றை எடுத்து, கட்டை விரலால் மேல் தோலை உரசி மோந்து பார்த்திருக்கிறார். தாள் அறுத்த கழுத்துப் பக்கம் சரியாகக் காயவில்லையாம். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏம்ப்பா, அடுத்தவங்க வீட்டு வாசல்ல..."

"காயாம கட்டி வச்சா அழுகிப் போகும்மா. செத்த நேரந்தான் நின்னேன். எதுத்த வீட்டுக்காரன் யாரோ போன் போட்டுருப்பான் போல. போலீஸ் காரு வந்து நின்னுச்சு."

தோசைக் கரண்டி என் கையிலேயே நின்றது.

"ரெண்டு பேரு. ஒருத்தன் சின்னப் பய, நம்ம தம்பி வயசுதான் இருக்கும். நான் எறங்கி அவங்க கிட்டயே போயிட்டேன். வணக்கம் சொன்னேன். அவன் என்னமோ சத்தம் போட்டான். சரி, பேப்பரு கேக்குறான்னு நெனச்சு, நீ சொன்ன மாதிரியே, ஸ்வெட்டரத் தூக்கி பெல்ட்டுல கைய விட்டேன். அந்தப் பட்டன் தொறக்கல. குளிருக்கு வெரலு மரத்துப் போச்சு. அவன் இன்னும் சத்தமா கத்துறான். என்னடா இம்புட்டு அவசரம்னு நெனச்சேன்."

நிலா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்புறம் கையில ஒரு டார்ச் லைட்ட எடுத்தான். பகல்ல எதுக்கு லைட்டுன்னு தெரியல. ஸ்வெட்டர்ல செவப்பா ஒரு பொட்டு விழுந்துச்சு. இந்தா, இங்க." அப்பா இடது நெஞ்சில், காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே விரலை வைத்தார். "ஏதோ ஒட்டியிருக்குன்னு தொடச்சு விட்டேன். போகல. கை மேல ஏறுது. கைய எடுத்தா மறுபடி அங்கயே நிக்குது. சிரிப்பு வந்துருச்சு எனக்கு."

"வாஸ் இட் யெல்லோ, தாத்தா?" என்றாள் நிலா.

அவள் கேட்டது அவருக்குப் புரிந்தது. ஆங்கிலத்தில் நிறங்கள் மட்டும் அவளோடு விளையாடிக் கற்றிருந்தார். "ஆமாடா அப்பு, எல்லோ. பளிச்சுனு."

அடுப்பில் தோசை கருகியது. நிலா என்னைப் பார்த்தாள். "தாத்தா அசைஞ்சாரே" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்.

பிறகு நடந்ததையும் அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டுக்கார அம்மாள், வயதானவர், கதவைத் திறந்துகொண்டு வந்து உரக்க ஏதோ சொல்லியிருக்கிறார். தன் வெங்காயத்தைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். இன்னொரு போலீஸ்காரர் இளையவரின் தோளைத் தொட்டிருக்கிறார். வெளிச்சம் அணைந்தது. அப்போதுதான் பட்டன் திறந்து அட்டை வெளியே வந்தது. "அதப் படிச்சதும் அந்தச் சின்னப் பயலுக்கு மொகமே மாறிப் போச்சு. கையக் குடுத்தான். கை சில்லுன்னு வேர்த்துக் கெடந்துச்சு. நல்ல பய. நீ எழுதிக் குடுத்த கார்டுக்கு என்னா மரியாதங்குற!"

வீட்டுக்கார அம்மாள் கொடுத்த அந்த இரண்டு வெங்காயமும் இன்னும் மேடையிலேயே இருக்கின்றன.

6

சரவணன் சொன்னார்: "ஒண்ணும் ஆகலைல்ல? மாமாகிட்ட எதுவும் சொல்லாத. பயந்துருவாரு."

அவர் சொன்னது சரியாகவும் பட்டது, தப்பாகவும் பட்டது. திங்கட்கிழமை நகராட்சிக்குப் போன் செய்தேன். உடல்நிலை சரியில்லாதவர்களின் வீட்டு முகவரியைப் போலீஸிடம் பதிந்து வைக்க ஒரு படிவம் இருக்கிறதாம். மருத்துவர் சான்று வேண்டும், இந்த நாட்டு மருத்துவரிடம். அந்த வேலை முடிவதற்குள் அப்பா ஊருக்குத் திரும்பிவிடுவார். அதிர்ச்சித் துப்பாக்கியும் பேஸ்மேக்கரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். போனை எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். நெஞ்சைத் தவிர்க்கும்படி அலுவலர்களுக்குப் பயிற்சி உண்டு என்றாள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்றாள். "பெரும்பாலும்" என்பதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

கருத்துக் கணிப்பில் நான் போட்ட டிக்கைத் திரும்பப் பெற முடியுமா என்று மின்னஞ்சலும் அனுப்பினேன். பதிவான பதிலை மாற்ற இயலாது, பங்கெடுத்ததற்கு நன்றி என்று பதில் வந்தது.

அனுப்பிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அந்த இளைஞனிடம் மஞ்சள் துப்பாக்கி இல்லாதிருந்தால், ஸ்வெட்டருக்குள் கைவிட்ட ஆளைப் பார்த்து அவன் கை எதை எடுத்திருக்கும்? நான் டிக் போட்ட கருவிதான் அப்பாவைக் காப்பாற்றியதா? அல்லது கையில் இருப்பது ஆபத்து குறைவானதுதானே என்ற தைரியத்தில்தான் அவ்வளவு சீக்கிரம் நீட்டினானா? இதை யாரிடம் கேட்பது? எத்தனை தடவை யோசித்தாலும் ஒரே படம்தான் வருகிறது. அப்பா தன் நெஞ்சைத் துடைத்து விடுகிறார்.

7

கடைசியில் அப்பாவிடம் பாதி சொன்னேன். அது டார்ச் இல்லை, ஷாக் அடிக்கும் என்றேன். "கரன்ட்டா?" என்றார். பிறகு, "பேப்பரு எடுக்குறவனுக்கு எதுக்கு கரன்ட்டு?" என்றார்.

வரவேற்பறையில் ஒத்திகை பார்த்தோம். நிலா போலீஸ்.

"அப்பா, கிட்டப் போகாதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க. ரெண்டு கையும் விரிச்சு வெளிய தெரியணும். எதையும் எடுக்கக் கூடாது."

"அப்ப நீ கார்டு எதுக்குக் குடுத்த?"

நான் நிலாவுக்குச் சைகை காட்டினேன்.

நிலா கத்தினாள். அப்பாவின் வலது கை இடுப்புக்குப் போனது. "நோ, தாத்தா!" மறுபடி கத்தினாள். இந்த முறை கை பாதி வழியில் நின்றது, பிறகு மெல்லப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது முறை வம்படியாக இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். நிலா சிரித்துத் தரையில் உருண்டாள். நான் கைகளைப் பிரித்துத் தூக்கிக் காட்டினேன்.

அப்பா தூக்கவில்லை. "ஏம்மா, ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறதுக்கு நான் என்னா களவாணிப் பயலா? பாக்குறவன் என்னா நெனப்பான்?" குரல் உயரவில்லை. நான் இதுவரை அவரை அவமானப்படுத்தியதில்லை. அன்று முதல் தடவை.

அன்றிரவு பெல்ட்டைக் கேட்டு வாங்கி என் அலமாரியில் வைத்தேன். அட்டையைக் கயிற்றில் கோத்து, பள்ளிப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல் அவர் கழுத்தில் மாட்டினேன். குனிந்து வாங்கிக்கொண்டார்.

8

மூன்றாம் நாள் காலை பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா எங்கள் தெருவின் முனையை நெருங்கிக்கொண்டிருந்தார். ரோந்துக் கார் ஒன்று மெதுவாக வந்தது. சும்மா சுற்றி வருகிற கார். அப்பா நின்றார். வேட்டியைச் சரிசெய்தார். சாலையோரம் இரண்டடி முன்னால் வந்தார். வலது கை ஸ்வெட்டருக்குள் போனது. அங்கே பெல்ட் இல்லை. கை தேடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அட்டை நெஞ்சின் மேல் தொங்குகிறது, அவருக்கு அது ஞாபகமே இல்லை. கார் அவரைத் தாண்டியது. உள்ளேயிருந்தவர் கையசைத்தார் என்று நினைக்கிறேன். வண்டி திரும்பிப் போன பிறகும் அப்பாவின் கை வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "பெல்ட்ட எங்கம்மா வச்ச? போலீஸ்காரரு வந்தாரு. நீட்டுறதுக்கு ஒண்ணுமில்லாம நின்னேன்."

அட்டையையும் பழையபடி அதன் பையில் வைத்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். பெல்ட் இருந்தால் கை போய் ஒரு அட்டையோடு திரும்பும். இல்லாவிட்டால் உள்ளேயே கிடக்கும். எது ஆபத்து குறைவு என்று எனக்குத் தெரியவில்லை.

வேலைக்குத் தாமதமாக வருகிறேன் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டேன். இப்போது தினமும் நிலாவைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு அப்பாவோடு நடக்கிறேன். அவர் ஊருக்குத் திரும்ப இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. நான் கையுறை போடுவதில்லை. அவருடைய வலது கையை என் கைக்குள் பிடித்துக்கொள்கிறேன்.

"என்னாம்மா, சின்னப் புள்ளையாட்டம் கையப் புடிச்சுக்கிட்டு வர்ற?" என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நாகல் நகர் கடைத்தெருவில் ஆட்டோக்களுக்கு நடுவே நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நினைத்திருப்பார்.

"குளிருதுப்பா" என்றேன்.

நேற்று அந்த வெங்காய வீட்டைத் தாண்டியபோது பின்னால் ஒரு கார் வேகம் குறைத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா திரும்பினார், யாரென்று பார்த்தார், மரியாதையாகச் சிரித்தார். என் பிடிக்குள் அவர் கை இடுப்பை நோக்கி இழுத்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். மறுபடி இழுத்தது, முன்னை விடப் பலமாக.